பச்சை வயர் கூடைக்கு உரியவள்

கம்பி வளைந்த கறுப்புக் குடையைக் கேட்டுக்கொண்டு பொன்னுரங்கம் என்பவர் வெள்ளோட்டம்பாளையம் பேருந்து நிலையத்துக்கு வந்து நின்றபோது, அப்படியொரு மனிதர் இந்த உலகத்துக்கு வந்து முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை என்பது ஊரிலேயே துளசிமணி ஒருத்திக்குத்தான் தெரியும். அவரை எழுதியவளே அவள்தானே. முந்தின நாள் மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, இரண்டு மாதமாகக் கேட்பாரற்று ஆணியில் தொங்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போன மனைவி திரும்பும் நாளில் மழை பிடித்துக்கொள்ள, அவளை நனையவிடாமல் கூட்டிப்போகக் குடையோடு வந்து காத்திருந்து, அவள் இறங்காத பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்ற ஒரு கிழவரை எட்டுப் பக்கத்தில் எழுதி முடித்திருந்தாள். இடது காது மடலில் மிளகளவுக்கு ஒரு மச்சம் வைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றவருக்கு இடது காது மடலில் மிளகளவுக்கு மச்சம் இருந்தது.

"எந்த பஸ்ஸுல உட்டீங்க?" என்று வழக்கம்போலக் கேட்டாள் துளசிமணி.

"பத்தாம் நெம்பருங்க. நான் அதுல ஏறவே இல்லீங்க. படிக்கட்டுல நின்னு உள்ள எட்டிப் பாக்கறப்ப கை நழுவி விழுந்துருச்சுங். வண்டி கெளம்பிருச்சுங்."

எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் சொன்னார். கையெழுத்து வாங்கிக்கொண்டு குடையைக் கொடுத்தாள். அன்றைக்கு வானம் வெளேரென்று இருந்தது. அவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மூன்றாம் நடைமேடைக்குப் போய் நின்றார்.

அந்த அறைக்கு வாசலில் நீளமாக ஒரு அரசாங்கப் பெயர்ப்பலகை உண்டு. ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை, எல்லோருக்கும் அது மறதி ரூம். பஸ்ஸில் மறந்துவிட்டுப் போனதெல்லாம் சாயங்காலம் அங்கே வந்து சேரும். ஒற்றைச் செருப்பு, பல்செட்டு, எக்ஸ்ரே உறை, மருதாணி பொதிந்த இலைப்பொட்டலம், கல்யாணப் பத்திரிகைக் கட்டு, ஒருமுறை உயிரோடு ஒரு சேவல். துளசிமணி அதற்குக் காவல். மற்ற நேரத்தில் அவள் கதை எழுதுகிறவள். முப்பது வருஷமாக வாரப் பத்திரிகைகளில் அவள் பெயர் வந்துகொண்டிருக்கிறது. மனிதர்களைப் பார்த்தால் அவளுக்குக் கதை வராது, பேச்சுத்தான் வரும், அதிலும் பாதி வம்பு. ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுத்து அதன் தேய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தாளானால், அதைத் தேய்த்த விரல் தெரியும், விரலுக்குப் பின்னால் கை தெரியும், கைக்குப் பின்னால் ஒரு ஆள் அழுதுகொண்டு நிற்பது தெரியும். ஏன் அழுகிறார் என்று கேட்டு எழுதிவிடுவாள். சிரித்துக்கொண்டு நின்ற ஆளை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

அப்படிப்பட்டவள் ஆறு வருஷமாகத் தொட்டு எழுதாத பொருள் ஒன்று அந்த அறையில் இருந்தது. கடைசி அலமாரியின் கீழ்த்தட்டில், பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய வயர் கூடை, உள்ளே சாப்பாடு கொண்டுபோகிற ஒரு தூக்குப்போசி. அது அவளுடைய ஒரே மகள் நித்திலாவுடையது.

நித்திலா ஒரு நூல்மில் அலுவலகத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கேயே கூட வேலை பார்த்த ஒரு பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் இன்னும் சொல்லாமல், அவனுடைய கைக்குட்டை ஒன்றைத் தன் மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். துளசிமணி ஏதோ தேடப்போய் அந்த இழுப்பறையைத் திறந்தாள். கைக்குட்டையின் ஒரு மூலை இஸ்திரிப் பெட்டியில் தீய்ந்திருந்தது; ஓரமெல்லாம் யாரோ நீல நூலால் பொடித்தையல் போட்டு மடித்திருந்தார்கள். மகளிடம் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை, எழுதினாள். பெயரை மாற்றினாள், ஊரை மாற்றினாள், மில்லை ஆஸ்பத்திரியாக்கினாள்; அந்த நீல நூலை மாற்ற மட்டும் மனசு வரவில்லை, கதையே அதில்தான் இருந்தது. பத்திரிகையில் வந்த வாரமே பையனின் அம்மா படித்தாள். தான் போட்ட தையல் தாய்க்குத் தெரியாமல் போகுமா? மறைவாகச் சந்தித்ததும், கட்டிக்கொண்டு அழுததும், துளசிமணி கற்பனையில் சேர்த்த இன்னும் நாலும் அந்தக் கதையில் இருந்தன. நாலு ஊரும் பத்திரிகையில் படித்து முடித்த பெண் எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் நித்திலா சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னது இவ்வளவுதான்: "இனி என்னைப் பத்தி ஒரு வரி எழுதுனீன்னா, உனக்குப் புள்ளையே பொறக்கலீன்னு நெனச்சுக்க."

"சாமி சத்தியமா எழுத மாட்டேன் கண்ணு," என்றாள் துளசிமணி. மகள் ஏழு நாற்பது பஸ்ஸுக்குப் போனாள். சாயங்காலம் பொழுதோடு, கண்டக்டர் சென்னியப்பன் வந்து மேசைமேல் அந்தக் கூடையை வைத்தார். "கடைசி சீட்டுல கெடந்துச்சுங்கக்கா," என்றார். யாருடையது என்று அவருக்கும் தெரியும். சாப்பாட்டுப் பாத்திரம் வந்தால் அன்றைக்கே கொட்டிக் கழுவி வைக்கவேண்டும் என்பது மறதி ரூமின் விதி. போசியைத் திறந்தாள். காலையில் அவள் கிளறிக் கட்டிக்கொடுத்த புளிச்சோறு, வைத்த கை பிசகாமல் அப்படியே இருந்தது. அதைக் கொட்ட முடியாமல் நின்றுகொண்டே அவளே தின்றாள், தின்றுவிட்டுக் கழுவி வைத்தாள்.

போலீஸுக்குப் போனாள், தோழிகள் வீட்டுக்குப் போனாள், கண்ட கோயிலுக்கெல்லாம் போனாள். இரண்டு மாதம் கழித்து முகவரியில்லாமல் ஒரு தபால் கார்டு வந்தது. உயிரோடு இருக்கிறேன், தேட வேண்டாம். மகளின் எழுத்துதான். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

தொண்ணூறு நாள் கேட்பாரில்லாத பொருளை ஏலத்துக்கு அனுப்பிவிடவேண்டும் என்பது இன்னொரு விதி. அதனால் எண்பத்தொன்பதாம் நாள் வரும்போதெல்லாம் துளசிமணி கூடையைக் கொண்டுபோய் ஏழு நாற்பது பஸ்ஸின் கடைசி சீட்டில் வைப்பாள். சென்னியப்பன் பொழுதோடு அதைக் கண்டெடுத்ததாகக் கொண்டுவந்து கொடுப்பார். புதுத் தேதி போட்டு, புது எண் போட்டு அவள் வாங்கி வைப்பாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. என்றைக்காவது மகள் வந்தால், வேறெதற்கும் இல்லாவிட்டாலும் தன் கூடையைக் கேட்டாவது இந்த ஜன்னலுக்கு வருவாள் என்பதுதான் துளசிமணியிடம் மிச்சமிருந்த நம்பிக்கை.

பொன்னுரங்கம் வந்தது நித்திலா போன மூன்றாம் வருஷம். அவருக்கு அடுத்த வாரம் ஒற்றைச் செருப்பைத் தேடி நொண்டிக்கொண்டு ஈஸ்வரி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு, ஏனென்றால் கதையிலும் அவளுக்கு இடுப்பில் குழந்தை உண்டு. எக்ஸ்ரே உறையைத் தேடி மாரப்பன் இருமிக்கொண்டு வந்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ என்று பயந்து வேண்டுமென்றே பஸ்ஸில் விட்டு இறங்கியவர், வாங்கிக்கொண்டு போன பிறகும் அதைப் பிரிக்கவில்லை. இப்படி மூன்று வருஷத்தில் எழுபத்துமூன்று பேர் வந்தார்கள்.

ஊர் முதலில் கொஞ்சம் முனகியது, பிறகு பழகிவிட்டது. எதற்குத்தான் ஊர் பழகவில்லை? நாசூக்காகக் கதைக்காரர்கள் என்று பெயர் வைத்தார்கள். நிலையத்துக்குப் பின்னால் பூட்டிக்கிடந்த மில் வீடுகளைத் திறந்து குடிவைத்தார்கள், அந்தச் சந்து கதைக்கார வளவு ஆனது. வீட்டுக்காரர்களுக்கு அவர்களை ரொம்பப் பிடித்தது. ஒறம்பரை, விருந்தாளி என்று ஒரு ஈ வராது, நோம்பி, பண்டிகைக்குக் கூட்டம் சேராது, பழைய ஊர்க் கதை பேசமாட்டார்கள், ஏனென்றால் தொலைத்த பொருளுக்கு முந்தின ஞாபகம் எதுவும் அவர்களுக்குக் கிடையாது. ரேஷன் கார்டு கேட்டபோது பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது என்று குழப்பம் வந்தது. கிராம நிர்வாக அதிகாரி இரண்டு நாள் யோசித்து, கதை வந்த பத்திரிகைப் பக்கத்தின் நகலில் துளசிமணி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், தகப்பன் பெயர் கதையில் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று வழிசெய்தார். மாரியம்மன் நோம்பிக்கு மாவிளக்கு எடுக்க அவர்களுக்கும் ஒரு வரிசை ஒதுக்கினார்கள். தறிப்பட்டறைக்காரர் ஒருவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வந்து, சலிக்காமல் ரெண்டு ஷிப்டு தறி ஓட்டுகிற மாதிரி ஒரு நாலு ஆளை எழுதிக் கொடுக்க முடியுமா என்று துளசிமணியிடம் கேட்டார். "தறியில நூல் சுத்தற தார்க்குச்சியப் பாத்து எழுதறதுதானுங்க, என்ன பெரிய கஷ்டம்?" என்று வேறு சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்ததோடு சரி.

டீக்கடை நாச்சிமுத்துதான் முதலில் கண்டுபிடித்தார். "அக்கா, ஒண்ணு கவனிச்சீங்களா? இவிய ஆருமே மேக்கொண்டு போறதில்லீங்க. எங்க முடிச்சீங்களோ அங்கயே நிக்கறாங்க."

உண்மைதான். பொன்னுரங்கம் தினமும் நாலு மணிக்குக் குடையோடு மூன்றாம் நடைமேடைக்கு வந்தார், பத்தாம் நம்பர் பஸ்ஸில் இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், பஸ் போனதும் வளவுக்குத் திரும்பினார். ஈஸ்வரி தினமும் ஓடுகிற பஸ்ஸுக்குப் பின்னால் ஒற்றைக் கால் செருப்போடு ஓடினாள். மாரப்பன் எக்ஸ்ரே உறையைப் பிரிக்கப்போய்ப் பிரிக்கப்போய் வைத்தார். எழுபத்துமூன்று பேரும் எழுபத்துமூன்று கடைசி வரிகளில் குடியிருந்தார்கள், அந்த வரிகள் நகரவில்லை. நாளாக நாளாக அது ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் ஊர்வலத்தை அந்தப் பக்கம் கொண்டுபோக அஞ்சினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் மூன்றாம் நடைமேடை வந்ததும் சத்தத்தை அடக்கிக்கொண்டு நடந்தன. மத்தியான வெயிலிலேயே ஊருக்கு இழவு வீட்டுக் களை வந்துவிட்டது.

"ஒரு சிரிச்ச மூஞ்சியா எழுதுங்கக்கா. ஒரே ஒண்ணு," என்றார் நாச்சிமுத்து.

எழுதிப் பார்த்தாள். யாரோ புதுப்பெண் மறந்துவிட்டுப் போன வளையல் பெட்டியை எடுத்துவைத்துக்கொண்டு, கல்யாணம், மறுவீடு, சிரிப்பு என்று சிரமப்பட்டு எழுதிக்கொண்டே போனாள். கடைசிப் பத்தியில், பழக்கதோஷம், ஒரு வளையலில் கீறல் விட்டுவிட்டது. மறுநாள் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து பெட்டியை வாங்கிப் போனாள். சந்தோஷமாக ஒரு கதையை முடிக்கத் துளசிமணிக்குத் தெரியாது, முப்பது வருஷத்தில் ஒரு ஆசிரியரும் அவளிடம் அதைக் கேட்டதுமில்லை.

ஒருநாள் நாலு மணிப் பஸ் போன பிறகு பொன்னுரங்கம் வளவுக்குப் போகாமல் ஜன்னலுக்கு வந்தார். குடையை மடக்கி ஓரமாகச் சாத்தினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மணி, ஒண்ணு கேக்கறனுங்க. அவளை அந்த பஸ்ஸுல இருந்து எறக்கி உட்டிருக்கலாமல்லங்க?"

துளசிமணி பதிவேட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"உங்களுக்கு அது ஒரு வரிதானுங்க. எறங்கினாள்னு ஒரே சொல்லு. எனக்குன்னா அவ மொகங்கூட நீங்க எழுதலீங்க. வர்ற பொம்பளைகள்ல எது அவன்னு தெரியாமயே நான் மூணு வருசமாப் பாத்துட்டு நிக்கறனுங்க."

"முடிவு கனமா இருக்கோணும்னு நெனச்சனுங்க," என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவளுக்கே உறைத்தது. பொன்னுரங்கம் தலையாட்டினார், அது கனமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவர்போல, குடையை எடுத்துக்கொண்டு போனார். அன்றோடு துளசிமணி எழுதுவதை நிறுத்தினாள்.

ஆனால் அந்த வருஷம் அவளுக்கு ஓய்வு வந்தது. இன்னும் இரண்டு மாதம். அதற்கப்புறம் இந்த ஜன்னலில் வேறு ஆள் உட்காரும். எண்பத்தொன்பதாம் நாள் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட யார் இருப்பார்கள்? தொண்ணூறாம் நாள் கூடை ஏலத்துக்குப் போகும். சென்னியப்பனும் அதே வருஷம் ஓய்வு. நாச்சிமுத்து டீயைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டு, எப்போதும் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதைச் சொன்னார்: "ஊரான் ஊட்டுக் கொடையெல்லாம் எழுதி ஆளைக் கொண்டாந்தீங்க. உங்க புள்ளை கூடை அங்கயே கெடக்குது. எழுதுங்கக்கா. சத்தியமாவது ஒண்ணாவது. பெத்த வயிறுக்கு எந்தச் சாமி கணக்குப் பாக்கப்போகுது?"

அவள் மூன்று நாள் எழுதவில்லை. நாலாம் நாள் கூடையை எடுத்து மடியில் வைத்தாள்.

முதலில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். நித்திலா, இருபத்துமூன்று வயது, துளசிமணியின் மகள், ஏழு நாற்பது பஸ்ஸில் போனாள், திரும்பி வருகிறாள். யாரும் வரவில்லை. திருத்தி எழுதினாள், விரித்து எழுதினாள், அழுதுகொண்டே எழுதினாள். பதினொரு தடவை எழுதியும் ஜன்னலுக்கு வெளியே ஒரு நிழல் விழவில்லை. எழுதியதை எடுத்துப் படித்துப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்தது. அது கதையாக இல்லை, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த மனுவாக இருந்தது. அவளுக்குப் பொய் சொல்லித்தான் ஆளை வரவழைக்கத் தெரியும்.

பன்னிரண்டாம் தடவை கதை எழுதினாள். பெயரை மாற்றினாள், பெண்ணுக்கு வசுமதி என்று வைத்தாள். பெயர் மாறிவிட்டால் சத்தியமும் பாதிதான் மீறியதாகும் என்று ஒரு கள்ளக் கணக்கு. ஆனால் முகம் நித்திலாவின் முகம், நடை அவள் நடை, மேலுதட்டில் சின்ன வயதில் ஊஞ்சல் இடித்த தழும்பு. பெண் வீட்டை விட்டுப் போகக்கூடாது, அதனால் வீட்டில் சண்டை இருக்கக்கூடாது. சண்டை இல்லாமல் இருக்கவேண்டுமானால் அம்மா அந்த இழுப்பறையைத் திறக்கக்கூடாது. அம்மாவைத்தான் துளசிமணி ரொம்ப நேரம் எழுதினாள். தேவகி என்று பெயர். மகளின் அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுகிறவள்; மகள் முகம் வாடியிருந்தால் என்ன என்று கேட்டுவிட்டு, சொல்லாவிட்டால் விட்டுவிடுகிறவள்; வாழ்நாளில் ஒரு வரி கதை எழுதாதவள். தான் எப்படியெல்லாம் இருந்திருக்கவேண்டும் என்று ஆறு வருஷமாக நினைத்து உருகினாளோ, அத்தனையையும் அவளுக்குக் கொடுத்தாள். கடைசியில் மகள் பஸ்ஸில் மறந்த கூடையை மறுநாள் அம்மாவோடு வந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். முதன்முதலாக ஒரு கதையைச் சந்தோஷமாக முடித்தாள், கீறல் எதுவும் விழாமல் பார்த்துக்கொண்டாள். வரட்டும், முதலில் வரட்டும், ஜன்னலுக்கு வந்ததும் கையைப் பிடித்துக்கொள்வேன், பிடித்தால் தெரியாமலா போகும் என்பதுதான் அவள் மனசில் இருந்தது.

மறுநாள் பத்தரை மணிக்கு வசுமதி வந்தாள். பச்சைப் பாவாடை, சீவி இறுக்கிய பின்னல், மேலுதட்டில் தழும்பு. ஆறு வருஷம் ஒரு நாளாகச் சுருங்கி நின்றதுபோல அதே இருபத்துமூன்று வயது. துளசிமணி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அக்கா, ஒரு வயர் கூடைங்க, பச்சையும் வெள்ளையும். உள்ள தூக்குப்போசி இருக்குமுங்க," என்றது நித்திலாவின் குரல்.

அக்கா. துளசிமணி ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "கண்ணு. என்னையத் தெரீலயா கண்ணு?"

வசுமதி கையை இழுத்துக்கொள்ளவில்லை, பாவம், நல்ல பெண்ணாகத்தான் எழுதப்பட்டிருந்தாள். சங்கடமாகச் சிரித்துக்கொண்டு பின்னால் திரும்பி, "அம்மா, இங்க வா," என்றாள். தூணருகே நின்ற தேவகி வந்தாள். அமரிக்கையான முகம், எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. ஜன்னலுக்குள் ஒரு வயசான பெண் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அவள் அப்படிக் கேட்டுத் துளைக்கிறவள் இல்லை.

"அக்காவுக்கு என்ன வெசனமோ," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, துளசிமணியின் கைமேல் தன் கையை வைத்து, ஒவ்வொரு விரலாக இதமாக விடுவித்தாள். "எங்க கூடையக் கொடுத்தீங்கன்னா நாங்க கெளம்பறமுங்க."

தர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெண் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள், எந்தப் பஸ், எந்தச் சீட்டு, போசியின் மூடியில் எங்கே நெளிவு என்று. உரியவள் இல்லை என்று சொல்ல வழியில்லை. துளசிமணி கூடையை எடுத்துக் கொடுத்து, பதிவேட்டில் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள். தாயும் மகளும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வளவுப் பக்கம் நடந்தார்கள். சந்தோஷமாக முடிந்த கதை, அதனால் அவர்கள் தினமும் அப்படியே சிரித்துக்கொண்டு நடந்தார்கள்.

ஊர் மகிழ்ந்து போனது. ஊருக்கே முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "உங்க பொண்ணு மகராசியா இருக்குதுங்க," என்று காய் வாங்கப்போன இடத்தில் சொன்னார்கள். "அவங்கம்மா என்னமாப் பாத்துக்கறாங்க தெரியுமுங்களா!" என்று கூடவே சொன்னார்கள். ஒருவருக்கும் அதில் ஒரு முரண் தெரியவில்லை. கிராம நிர்வாக அதிகாரி நகலில் கையெழுத்து வாங்க வந்தபோது, தாய் பெயர் தேவகி என்ற கட்டத்துக்கு நேரே துளசிமணிதான் சான்றொப்பம் போட்டாள். நாச்சிமுத்து மட்டும் டீயை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார்.

ஓய்வுக்கு நாலு நாள் இருந்தபோது, காலைப் பஸ்ஸில் ஒருத்தி இறங்கினாள். முப்பது வயதை நெருங்கியவள், கொஞ்சம் பருத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள், தோளில் ஒரு துணிப்பை. நடைமேடையில் நின்று நாலாபக்கமும் பார்த்தாள். தாயும் மகளும் சிரித்துக்கொண்டு எதிரே கடந்து போனதைப் பார்த்தாள். போய் மறையும்வரை அசையாமல் பார்த்தாள். பிறகு மெல்ல மறதி ரூம் ஜன்னலுக்கு வந்து, கதவைத் தாண்டி உள்ளே போய் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

துளசிமணி நாற்காலியை விட்டு எழுந்தாள். இந்தத் தடவை கையைப் பிடிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"எளைச்சுட்டியேம்மா," என்றாள் நித்திலா.

"சாப்பிட்டியா கண்ணு?"

"ம்." நித்திலா பையை இறக்கி மடியில் வைத்தாள். நாச்சிமுத்து ஒன்றும் கேட்காமல் காகிதக் கோப்பையில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நித்திலா அதைக் குடித்துக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நீ ரிட்டயர் ஆவேன்னு கணக்குப் போட்டுத்தான் வந்தேன். உங்கிட்ட நேரா எப்பிடிப் பேசறதுன்னு தெரீல. பஸ்ல வர்றப்ப நெனச்சேன், போயி ஜன்னல்ல நின்னு, என்ற கூடையக் குடுங்கம்மான்னு கேப்போம், நீயும் எந்த பஸ்ஸு, எந்தத் தேதின்னு கேப்பே, அப்பிடியே பேச்சு வந்துரும்னு." லேசாகச் சிரித்தாள். "வெச்சிருந்தியாம்மா?"

"வெச்சிருந்தேன் கண்ணு. ஆறு வருசமும் வெச்சிருந்தேன்."

"எங்க?"

துளசிமணி பதிவேட்டைப் பார்த்தாள். திறக்கவில்லை. திறக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

"அந்தப் புள்ளை கையில இருந்துச்சே, அதுதானா?" என்றாள் நித்திலா. குரலில் கோபம் இல்லை, அதுதான் துளசிமணியைக் கொன்றது. "நான் கண்ணாடிக்குள்ளாற இருந்து வெளிய வந்துட்டனாட்டம் இருந்துச்சு. கூட இருந்தது அவளுக்கு அம்மாவா?"

"ஆமா."

"நல்லவங்களா?"

"நல்லவ."

"கதை எழுதுவாங்களா?"

"எழுத மாட்டா," என்றாள் துளசிமணி, அதற்குமேல் அடக்க முடியாமல் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "நீ வரோணும்னுதான் எழுதினேன் கண்ணு, உன்னைய எப்பிடியாச்சும் வரவெக்கோணும்னு, எனக்கு வேற எதும் தெரியாது கண்ணு," என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

நித்திலா எழுந்து வந்து அம்மாவின் முதுகில் கையை வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். அந்தக் கை எடுக்கப்படாமலே இருந்துவிடும் என்று துளசிமணி ஒரு கணம் நம்பினாள்.

"பத்தே முக்காலுக்கு பஸ் இருக்குதும்மா," என்றாள் நித்திலா.

துளசிமணி தலையைத் தூக்கிப் பார்த்தபோது மகள் கிளம்பிக்கொண்டிருந்தாள். துணிப்பையைத் தோளில் மாட்டினாள். பெஞ்சின் மேல் வைத்த கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். குனிந்து, காலடியில் விழுந்திருந்த பஸ் டிக்கெட்டைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். டீ குடித்த காகிதக் கோப்பையைக் கசக்கி அதையும் போட்டாள். பின்னலைத் தடவிப் பார்த்து, கொண்டை ஊசி ஒன்று குறைவது தெரிந்து, பெஞ்சுக்கு அடியில் மண்டியிட்டுத் தேடி எடுத்தாள். தோளிலிருந்து பெஞ்சில் உதிர்ந்திருந்த ஒற்றை முடியைக்கூட விரலில் சுற்றிக்கொண்டாள். அம்மா கையில் எடுக்கும்படி இன்னும் ஏதாவது விட்டிருக்கிறதா என்று உட்கார்ந்திருந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துப் பார்த்துவிட்டு, "வர்றேம்மா," என்று சொல்லாமல் வெளியே போனாள்.